கிலோ அறுபது ரூபாய்

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும்
மூக்குடைந்த ஜப்பான் பொம்மைக்கும் நடுவே
நிறுத்துக் கொடுத்தார் காதர் மைதீன்.
இரண்டு கிலோ நானூறு.
நானூறைத் தள்ளிவிட்டார். "படிக்கிற பிள்ளை."

மனித உரிமைச் சட்டம், முரண்பாடு, நீதி.
முதுநிலை, இரண்டாம் ஆண்டு.
உதவித்தொகை மூன்று மாதமாகப் பரிசீலனையில்.

சிவப்புத் துணி அட்டை. உள்ளே பிள்ளையார் சுழி.
அடுத்த வரியிலேயே பெகு ஜில்லா.
பிரஜோற்பத்தி வருஷம் தை மாசம் ௧௧ தேதி
மவுங் பா தின் பற்று ரூபாய் முந்நூறு.
ஈடு: வாய்க்காலுக்கு மேற்கே நெல் நிலம் பதினெட்டு ஏக்கர்.
வட்டி நடப்பு.
பக்கத்துக்கிடையில் மடித்த புரோநோட்டில்
ஒரு கட்டைவிரல்.

சுழி வலப்பக்கம் சாய்ந்த ரேகை, ஒரு கோடு அழியவில்லை.
எங்கள் விடுதி வருகைப்பதிவு இயந்திரம்
என் விரலை மூன்று முறை
யாரென்று தெரியாது என்கிறது, தினமும்.

அந்த வருஷம் நெல் விலை பாதியாகச் சரிந்தது.
அதைப் பேரேடு சொல்லாது; நூலகத்தில் தேடிக் கண்டேன்.
இரண்டு பக்கம் தள்ளி
'நிலம் வரவு' என்று மட்டும் இருக்கிறது,
நிலம் தானே எழுந்து நடந்து வந்ததுபோல.

இணையவழி வகுப்பில் எல்லைக்கு அப்பாலிருந்து தாண்டர் வின்
திரையருகே குனிந்து பார்த்தாள்.
"நல்ல கையெழுத்து" என்றாள் முதலில்.
வெகுநேரம் கழித்து:
"எங்கள் பக்கத்தில் இதை எழுதி வைக்க யாருமில்லை."

பேராசிரியர் கேட்டார்: எதிர்மனுதாரர் யார்?
பேரேட்டின் வீடு பள்ளத்தூரில்.
பங்காளிகள் பதினாறு,
பூட்டைத் திறக்க ஒன்பது கையெழுத்து வேண்டும்.
சிங்கப்பூரிலிருந்து அடைக்கப்பன் பேசினார், மரியாதையாகத்தான்.
"நாங்களும் அங்கே எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தோம்மா.
ஒரு சல்லி திரும்பல. எங்களுக்கு யாரு வழக்குப் போட்டா?"
அதையும் எழுதிக்கொண்டேன்.
அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் சிரமம்.
என் படிவத்தில் இரண்டே பத்திகள்:
பாதித்தவர், பாதிக்கப்பட்டவர்.
கோடு போட்டவர்கள் பர்மாவுக்குப் போனதில்லை.

கடைசியாக எழுதிய பக்கம் விஷு வருஷம் தை.
குண்டு விழுந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கூட்டல் சரியாக இருக்கிறது.
அடியில்:
பெட்டியடிப் பையன் சம்பள பாக்கி ரூபாய் ௪௭.

கடன்பட்டவனுக்குப் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு,
வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்பதுகூட உண்டு.
பையனுக்குப் பையன் என்பதே பெயர்.
பிறகு வெற்றுத் தாள்கள், ராமபாணப் பூச்சி தின்ற ஓரங்கள்.

ஆனால் பேரேடு வந்து சேர்ந்திருக்கிறது.
அரக்கான் மலையைத் தாண்டி
காலராவுக்கும் மழைக்கும் நடுவே
யாரோ இதை வயிற்றோடு கட்டிச் சுமந்திருக்கிறார்கள்.
இரண்டு கிலோ நானூறு: பிறந்த பிள்ளையின் எடை.
சுமந்தது அந்தப் பையனாகவே இருக்கலாம்.
ஆதாரமில்லை.
அடிக்குறிப்பில்கூட எழுத முடியாது.
அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று காதர் மைதீன் கூப்பிட்டார்.
புது ஹோட்டல்காரர் ஒருத்தர் பழைய பேரேடு கேட்கிறாராம்,
வரவேற்பறைச் சுவரில் ஒட்ட.
கிலோ நூற்றைம்பது வரை தருவாராம்.
"இன்னும் நாலு மூட்டை கிடக்கு.
உனக்குன்னா பழைய விலைதான்."

கையில் முந்நூற்று நாற்பது ரூபாய்.
எத்தனை கட்டைவிரல்களுக்குக் காணும்?

சனிக்கிழமை வரை நிறுத்தி வையுங்கள் என்றேன்.
பின்னால் லாரி ஹாரன், அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.
"நிறுத்தாச்சும்மா" என்றார்,
"முப்பத்தொன்பது கிலோ."